வெறும் அடித்தளம் எவ்வளவு சொல்லும்? அமெரிக்க வானிலைச் சேவையின் டொர்னாடோ சேத வரைபடம்: ஒரு மதிப்புரை

டொர்னாடோ கடந்து சென்ற இடங்களை நேரில் ஆய்வு செய்து திரட்டும் விவரங்களை, அமெரிக்காவின் தேசிய வானிலைச் சேவை எவரும் பார்க்கக்கூடிய ஓர் இணைய வரைபடமாக வைத்திருக்கிறது. ‘டேமேஜ் அசெஸ்மென்ட் டூல்கிட்’ என்பது அதன் பெயர். கட்டணம் கிடையாது. கடும் டொர்னாடோக்களின் வலுவை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள பொதுச் சேவையை நான் கண்டதில்லை. ஆனால் எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று தெரிந்துகொண்டு உள்ளே நுழைய வேண்டும். இல்லாவிட்டால் இதே வரைபடம் நம்மைத் தவறான முடிவுக்கும் கொண்டுபோய் விட்டுவிடும். இந்த மதிப்புரையில் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

முதலில் ஒரு சொல் விளக்கம். கடலில் உருவாகிப் பல நூறு கிலோமீட்டர் விரியும் புயலையும் நாம் சூறாவளி என்கிறோம். இடிமேகத்தின் அடியிலிருந்து தரை வரை நீண்டு, சில நிமிடங்களில் ஒரு தெருவைத் துடைத்துவிட்டுப் போகும் காற்றுச் சுழலையும் சூறாவளி என்கிறோம். இங்கே பேசப்படுவது இரண்டாவது மட்டுமே. குழப்பம் வராமலிருக்க டொர்னாடோ என்றே எழுதுகிறேன்.

டொர்னாடோவின் வலுவை ஏன் சேதத்தைக் கொண்டு அளக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. அதன் பாதை குறுகியது. ஒரு வீட்டைக் கடக்க அதற்குச் சில நொடிகள் போதும். வழியில் தப்பித்தவறி ஒரு காற்றுவேகமானி நின்றாலும், கடும் டொர்னாடோவில் அது பிழைப்பதில்லை. ஆகவே காற்று போன பிறகு, அது விட்டுச்சென்றதைப் பார்த்துப் பின்னோக்கிக் கணக்கிடுவதைத் தவிர வேறு வழி பெரும்பாலும் இருப்பதில்லை. இந்தப் பின்னோக்கிய வாசிப்பை ஒரு முறையாக வகுத்தவர் டெட்சுயா ஃபுஜிட்டா. 1945இல் நாகசாகியிலும் ஹிரோஷிமாவிலும் அணுகுண்டு விட்டுச்சென்ற அழிவை நேரில் ஆய்ந்த அவர், பின்னாளில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்தபடி, மரங்களும் வீடுகளும் விழுந்து கிடக்கும் திசையையும் விதத்தையும் வானிலிருந்து பார்த்துக் காற்றின் இயல்பைச் சொல்லும் கலையை வளர்த்தார். 1971இல் அவர் வெளியிட்ட அளவுகோல் எஃப்0 முதல் எஃப்5 வரை தரம் பிரித்தது. 1974 ஏப்ரல் 3, 4 தேதிகளில் 13 மாநிலங்களைத் தாக்கிய 148 டொர்னாடோக்களை வரைபடமாக்கியது அவருடைய உழைப்பின் உச்சம் என்று நான் கருதுகிறேன்.

ஃபுஜிட்டாவின் வேக எண்கள் பெரும்பாலும் மதிப்பீடுகளே. எஃப்5 தரத்துக்கு அவர் மணிக்கு 261 முதல் 318 மைல் என்று வைத்திருந்தார். சாதாரண வீடு இதைவிடக் குறைந்த காற்றிலேயே முற்றாக அழிந்துவிடும் என்று பொறியாளர்கள் பிற்பாடு எடுத்துக்காட்டினார்கள். டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் நடந்த பணியின் விளைவாக, மேம்படுத்தப்பட்ட ஃபுஜிட்டா அளவுகோல், அதாவது ஈஎஃப் அளவுகோல், 2007 பிப்ரவரி 1 முதல் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மணிக்கு 65 மைலில் ஈஎஃப்0 தொடங்குகிறது. 136 முதல் 165 வரை ஈஎஃப்3. 166 முதல் 200 வரை ஈஎஃப்4. 200 மைலைத் தாண்டினால், அதாவது சுமார் 322 கிலோமீட்டரைத் தாண்டினால், ஈஎஃப்5. கடைசி இரண்டு தரங்களைத்தான் கடும் டொர்னாடோ என்கிறார்கள். நாம் பார்க்கப்போகும் வரைபடம் இந்த அளவுகோலின் மேல்தான் நிற்கிறது.

வரைபடத்தைத் திறந்து ஒரு தேதியைத் தேர்ந்தால், டொர்னாடோ சென்ற வழி கோடாகத் தெரியும். பல நிகழ்வுகளில் சேதம் பரவிய அகலமும் பரப்பாக வரையப்பட்டிருக்கும். அதன் உயிர் புள்ளிகளில் இருக்கிறது. ஆய்வுக் குழு நின்று பார்த்த ஒவ்வொரு வீடும், மரமும், மின்கம்பமும் தரத்துக்கேற்ற நிறத்தில் ஒரு புள்ளி. ஒன்றைத் தொட்டால், அது எந்த வகைப் பொருள், எந்த அளவுக்குச் சேதம், அதிலிருந்து கணித்த வேகம் எவ்வளவு என்ற மூன்றும் வந்து நிற்கும். பல புள்ளிகளில் ஆய்வாளரின் சிறு குறிப்பும் புகைப்படமும் இருக்கும். செய்திகளில் ‘ஈஎஃப்4’ என்று ஒரே எண்ணாகக் கேட்டது, இங்கே நூற்றுக்கணக்கான தனித்தனிச் சாட்சியங்களாகப் பிரிந்து தெரிகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே இச்சேவையை நான் மனமாரப் பாராட்டுகிறேன். தீர்ப்பை மட்டும் அறிவிக்காமல், தீர்ப்புக்கு ஆதாரமான கோப்பையும் மக்கள் முன் விரித்து வைக்கும் அரசுச் சேவைகள் அதிகம் இல்லை.

ஒரு புள்ளியை நெருங்கிப் பார்ப்போம். ஈஎஃப் அளவுகோலில் 28 சேதக்குறிகள் உண்டு: பண்ணைக் கொட்டகை, நடமாடும் வீடு, பள்ளிக்கூடம், பல்பொருள் அங்காடி, மரம் என்று நீளும் பட்டியலில் இரண்டாவது இடம், ஒன்று அல்லது இரண்டு குடும்பங்கள் வாழும் சாதாரண வீட்டுக்கு. அந்த வீட்டின் சேதம் பத்துப் படிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. கூரையின் மேலுறை கணிசமாகப் பிய்ந்திருந்தால் நான்காம் படி. அந்தச் சேதத்துக்கு எதிர்பார்க்கும் காற்று வேகம் 97 மைல். கூரையின் பெரும்பகுதி போய்ச் சுவர்கள் நின்றால் ஆறாம் படி; 122 மைல். எல்லாச் சுவர்களும் விழுந்திருந்தால் ஒன்பதாம் படி, 170 மைல். நன்கு கட்டிய வீடு முற்றாகப் பெயர்ந்து, கான்கிரீட் அடித்தளம் மட்டும் துடைத்துவைத்தாற்போல் மிஞ்சினால் அது பத்தாம் படி, 200 மைல்.

ஒவ்வொரு படிக்கும் எதிர்பார்க்கும் வேகத்தோடு, கீழெல்லை ஒன்றும் மேலெல்லை ஒன்றும் கொடுக்கப்பட்டிருக்கின்றன. பத்தாம் படிக்கு அவை 165, 220. அதாவது படத்தில் ஒரே மாதிரி தெரியும் இரண்டு வெறும் அடித்தளங்களுக்கு இடையே 55 மைல் வேறுபாடு இருக்கலாம். ஒன்று ஈஎஃப்3இன் விளிம்பிலும் மற்றொன்று ஈஎஃப்5இன் உள்ளேயும் விழலாம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எதிர்பார்க்கும் வேகமான 200 என்பதே ஈஎஃப்4இன் கடைசி எண். ஆகவே ஒரு வீடு விதிப்படி நன்றாகக் கட்டப்பட்டு, அது முழுக்கத் துடைத்தெறியப்பட்டிருந்தாலும், அதன் சாட்சியம் ஈஎஃப்4இல்தான் நின்றுவிடுகிறது. ஈஎஃப்5 வேண்டுமென்றால், அந்த வீடு வழக்கத்தைவிடச் சிறப்பாகக் கட்டப்பட்டிருந்தது என்பதற்கான தடயம் அடித்தளத்திலேயே கிடைக்க வேண்டும்.

அந்தத் தடயத்தைத்தான் ஆய்வாளர்கள் குனிந்து தேடுகிறார்கள். கான்கிரீட்டின் ஓரத்தில், சுவரைத் தாங்கிய மரச்சட்டம் எதனால் பிடிக்கப்பட்டிருந்தது? கான்கிரீட்டில் பதித்த ஆங்கர் போல்ட்டாலா, வெறும் ஆணியாலா? போல்ட் இருந்தால் அதன் தலையில் வாஷரும் நட்டும் உண்டா? நட் முறுக்காத போல்ட், சட்டத்தின் துளைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சி மட்டுமே. சட்டம் மேலே எழும்பினால் அது தடுக்காது. போல்ட் வளைந்திருக்கிறதா, சட்டத்தின் மரச்சிம்பு இன்னும் அதில் கவ்வியிருக்கிறதா, சட்டம் நின்று சுவர்க்கால்கள் மட்டும் பிடுங்கிப் போனதா என்பதெல்லாம் வேகக் கணக்கை ஏற்றி இறக்கும். பல கோடி டாலர் இழப்பை உண்டாக்கிய ஒரு பேரழிவின் தரம், விரல் தடிமனுள்ள ஒரு போல்ட்டின் தலையில் நட் இருந்ததா என்ற கேள்வியில் தொங்குவதை இந்தப் புகைப்படங்களில் நேரே பார்க்க முடிகிறது. இதைப் புரிந்துகொண்ட பிறகுதான், தரம் என்பது காற்றின் உச்ச வேகம் அல்ல, சேதத்தைக் கொண்டு நிரூபிக்க முடிந்த வேகம் என்பது எனக்கு உறைத்தது. நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட்ட குற்றத்துக்கும் நடந்த குற்றத்துக்கும் உள்ள இடைவெளியைப் போன்றது அது.

இப்போது ஒப்பீட்டுக்கு வருவோம். 2021 டிசம்பர் 10 இரவு, டென்னசியின் வடமேற்கு மூலையில் தொடங்கி கென்டக்கியின் மேஃபீல்டு, டாசன் ஸ்பிரிங்ஸ், பிரெமன் ஊர்களைச் சிதைத்த டொர்னாடோ, ஏறத்தாழ 166 மைல் தொலைவு தரையில் ஓடி 57 பேரைக் கொன்றது. அதன் உச்ச மதிப்பீடு 190 மைல். 2023 மார்ச் 24 அன்று மிசிசிப்பியின் ரோலிங் ஃபோர்க்கைத் தாக்கியதற்கு 195 மைல். இரண்டும் ஈஎஃப்4. ஐந்து மைல் வேறுபாட்டை வைத்து ரோலிங் ஃபோர்க்கில் வீசியதுதான் வலுவானது என்று சொல்லிவிடலாமா? கூடாது என்பதே என் உறுதியான கருத்து. இந்த எண்கள் கருவி அளந்தவை அல்ல. ஒரு குறிப்பிட்ட கட்டடத்தின் தரத்தைப் பார்த்து, எல்லைகளுக்கு நடுவே ஓர் அனுபவசாலி நிறுத்திய இடங்கள். 190, 195, 200 என்று வரும் எண்களை ஓட்டப்பந்தயத்தின் நொடிக்கணக்கைப் போல வரிசைப்படுத்துவது அந்த ஆய்வாளர்களின் உழைப்புக்கே அநீதி. உச்சப் புள்ளியை விட்டுவிட்டு, ஈஎஃப்3க்கு மேற்பட்ட புள்ளிகள் எவ்வளவு தூரம் தொடர்ந்து வருகின்றன, எவ்வளவு அகலத்துக்குப் பரவியிருக்கின்றன என்று பார்த்தால் ஒப்பீட்டில் பொருள் இருக்கும்.

அப்படிப் பார்க்கும்போது புள்ளிகளின் அண்டை வீடுகளையும் பார்க்க வேண்டும். ஒரு வீடு அடித்தளத்தோடு போயிருக்க, அடுத்த வீட்டில் சுவர்கள் நிற்பது உண்டு. பெரிய சுழலுக்குள் சிறு சுழல்கள் சுற்றிவந்து, மெல்லிய கீற்றுகளாக உச்ச சேதத்தை விட்டுச்செல்வதை ஃபுஜிட்டாவே விளக்கியிருக்கிறார். ஆனால் அண்டை வீட்டின் புதரும் வேலியும் அசையாமல் இருக்க இந்த வீடு மட்டும் காணாமல் போயிருந்தால், காற்றைவிடக் கட்டுமானத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். புகைப்படங்கள் இல்லாத தரவுத்தளத்தில் இந்தச் சோதனையைச் செய்ய வழியே இல்லை.

சேதத்துக்கும் உண்மையான வேகத்துக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு இரண்டு நிகழ்வுகள் போதும். 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரெனோ அருகே உருவானது 2.6 மைல், அதாவது 4.2 கிலோமீட்டர் அகலம் விரிந்தது. நடமாடும் ரேடார் அதனுள் மணிக்கு 300 மைலை நெருங்கும் வேகத்தைக் கண்டது. ஆனால் அந்த வேகம் வீசிய இடம் பெரும்பாலும் திறந்த வயல். அங்கே சாட்சி சொல்லக் கட்டடம் இல்லை. ஒரு கட்டத்தில் ரேடாரை ஏற்று ஈஎஃப்5 என்று அறிவித்தவர்கள், சேதத்தின்படி மட்டுமே தரம் தர வேண்டும் என்ற விதிக்கு இணங்க அதை ஈஎஃப்3 ஆகக் குறைத்தார்கள். 2024 மே 21 அன்று அயோவாவின் கிரீன்ஃபீல்டு ஊரைத் தாக்கிய டொர்னாடோவுக்குச் சேதத்திலிருந்து கிடைத்த எண் 185 மைல். அதே டொர்னாடோவில் நடமாடும் ரேடாரிலிருந்து ஆய்வாளர்கள் கணித்தது 309 முதல் 318 மைல். அது வழியில் பிரம்மாண்டமான காற்றாலைகளையும் சாய்த்துவிட்டுப் போனது. காற்றாலையோ 28 சேதக்குறிகளில் இல்லை.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். அளவுகோல் பேசுவது மூன்று நொடி சராசரியாக வீசும் காற்றை. ரேடார் பிடிப்பது அதைவிடக் குறுகிய கணத்தில், பல வேளைகளில் வீட்டுக் கூரைக்கு மேலான உயரத்தில் வீசுவதை. இரண்டையும் அருகருகே வைத்துக் கழித்துப் பார்ப்பது சரியல்ல. ஆனாலும் நடமாடும் ரேடார் தரவுகளை ஆராய்ந்து 2021இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, சேதம் சொல்லும் தரத்தைவிட உண்மையில் டொர்னாடோக்கள் சராசரியாக ஒரு தரத்துக்கும் மேல் வலுவானவை என்ற முடிவுக்கே வந்தது. வரைபடத்தில் மஞ்சளும் பச்சையுமாக மிதமான புள்ளிகளைக் கண்டு, காற்றும் மிதமாகவே இருந்தது என்று நம்புகிறவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

பட்டியலில் இல்லாத சேதங்களை என்ன செய்வது என்பதில்தான் இத்துறையின் பெரிய விவாதம் நடக்கிறது. 2011 ஏப்ரல் 27 அன்று மிசிசிப்பியின் ஃபிலடெல்ஃபியா அருகே டொர்னாடோ மண்ணையே இரண்டு அடி ஆழத்துக்குத் தோண்டி எடுத்தது; அதே ஆண்டு மே 24 அன்று எல் ரெனோ–பியட்மான்ட் டொர்னாடோ, சுமார் 19 லட்சம் பவுண்டு எடையுள்ள எண்ணெய்த் துரப்பண அமைப்பைக் கவிழ்த்து உருட்டியது. இரண்டுக்கும் ஈஎஃப்5 கிடைத்தது. அதன்பின் 2013 மே 20 அன்று ஓக்லஹோமாவின் மூர் நகரைத் தாக்கியதுதான் நெடுங்காலத்துக்குக் கடைசி ஈஎஃப்5. பன்னிரண்டு ஆண்டுகள் ஒன்றுமில்லை. காற்று தணிந்துவிட்டதா, மதிப்பிடும் கை இறுகிவிட்டதா என்ற கேள்வி எழுந்ததில் வியப்பில்லை. கை இறுகியதே முக்கியக் காரணம் என்று நான் நினைக்கிறேன்; இந்த இடைவெளியில் 190க்கும் 200க்கும் இடையே வந்து நின்றுவிட்ட டொர்னாடோக்களின் அடித்தளப் படங்களைப் பார்த்து வந்த எண்ணம் அது.

அந்த இடைவெளியை முடித்துவைத்தது வீடல்ல, ரயில் பெட்டி. 2025 ஜூன் 20 அன்று வடக்கு டகோட்டாவின் எண்டர்லின் அருகே வீசிய டொர்னாடோ மூவரின் உயிரைக் குடித்தது. முதலில் அதற்கு ஈஎஃப்3 என்றே தரம் கொடுத்தார்கள். தானியம் நிரப்பிய சரக்குப் பெட்டிகள் கவிழ்ந்திருந்தன. காலியான டாங்கர் பெட்டி ஒன்று தண்டவாளத்திலிருந்து ஏறத்தாழ 145 மீட்டர் தள்ளி விழுந்திருந்தது. பெட்டியின் எடையும் வடிவமும் தெரிந்தவை. அதைத் தூக்க எவ்வளவு காற்று வேண்டும் என்பதைக் கணக்கிட முடியும். கனடாவின் வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நார்தர்ன் டொர்னாடோஸ் ப்ராஜெக்ட் பொறியாளர்களும் கைகொடுக்க, 2025 அக்டோபரில் மதிப்பீடு 210 மைலுக்கு மேல் என்று திருத்தப்பட்டு, தரம் ஈஎஃப்5 ஆனது. வீட்டின் ஆணியைப் பற்றிய ஊகத்தைவிட, இயற்பியலால் சரிபார்க்கக்கூடிய இத்தகைய சாட்சியத்தை நான் பெரிதும் நம்புகிறேன். பட்டியல் இந்தத் திசையில் விரிய வேண்டும். ஐரோப்பியக் கடும்புயல் ஆய்வகம் 2023இல் வெளியிட்ட சர்வதேச ஃபுஜிட்டா அளவுகோல், சாலை வாகனங்களையும் காற்றாலைகளையும் சேதக்குறிகளாக ஏற்றுக்கொண்டு இதில் முந்திக்கொண்டது.

சேவையின் குறைகள் என்று பார்த்தால், இங்குள்ள தகவல்கள் முதற்கட்ட மதிப்பீடுகள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எண்டர்லினில் நடந்ததுபோல அவை மாதங்கள் கழித்தும் மாறலாம். புள்ளிகளின் அடர்த்தியும் ஒரே சீராக இல்லை. ஊருக்குள் வீட்டுக்கு வீடு பதிவாகியிருக்கும். காட்டிலும் வயலிலும் மைல் கணக்கில் ஒன்றிரண்டு மரங்களே சாட்சி. பழைய நிகழ்வுகளுக்கு இதில் இடமில்லை; 1950 முதலான பாதைகளும் தரங்களும் வேண்டுமென்றால் புயல் முன்கணிப்பு மையத்தின் தரவுத்தளத்துக்குத்தான் போக வேண்டும், ஆனால் அங்கே புகைப்படம் கிடையாது. சேதக்குறிகளின் பெயர்களும் படிகளும் துறைக்குள் இருப்பவர்களின் சுருக்கெழுத்திலேயே வருவதால், புதியவர் அளவுகோலின் அட்டவணையை இன்னொரு சன்னலில் திறந்துவைத்துக்கொண்டே படிக்க வேண்டியிருக்கும். பொதுமக்களுக்கான சேவையில் அந்த விளக்கம் புள்ளியோடே வந்திருக்கலாம்.

தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் வழி இது. இரண்டு டொர்னாடோக்களை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தத் தரத்தை மறந்துவிட்டு, இரண்டிலும் சாதாரண வீடுகளின் ஒன்பதாம், பத்தாம் படிப் புள்ளிகளை மட்டும் தேடுங்கள். ஒவ்வொன்றிலும் ஆய்வாளரின் குறிப்பை முதலில் படியுங்கள். போல்ட் பற்றியோ ஆணி பற்றியோ ஒரு வரி இருந்தால் அதுதான் அந்தப் புள்ளியின் சாரம். பிறகு படத்தில் வீட்டை விட்டுவிட்டு அதைச் சுற்றிப் பாருங்கள்: பட்டை உரிந்து தடித்த கிளைகளின் அடிக்கட்டைகள் மட்டும் மிஞ்சிய மரம், ஒரே திசையில் வரிசையாக நீண்டு கிடக்கும் இடிபாடு, புல்லே இல்லாத தரை. இவை அளவுகோலின் எண்ணில் முழுதாக ஏறாவிட்டாலும் காற்றின் கதையைச் சொல்லும். அவசரமாகப் புள்ளிகளைத் தொட்டுக்கொண்டு போக வேண்டாம். ஒவ்வொன்றும் முந்தைய நாள் வரை யாரோ சமைத்து உண்டு உறங்கிய வீடு, சிலவற்றில் அவர்கள் திரும்பி வரவில்லை.